கிளாஸ்ல டெக்னாலஜி: டீச்சராகப் போறவங்க என்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்விங்க

ப்ராக்டிஸ் டீச்சிங்குக்கு வர்ற ட்ரெயினீங்கள என் கிளாஸ்ல உக்கார வைப்பாங்க. நான் எடுக்குறது சயின்ஸும் மேத்ஸும். முதல் வாரம் அமைதியா இருப்பாங்க, ரெண்டாவது வாரத்துலேர்ந்து கேள்வி ஆரம்பிச்சிடும். வருஷா வருஷம் அதே கேள்விங்கதான், அதனால ஒரேடியா எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு. எல்லாரும் என்னோட ஒத்துப்போகணும்னு இல்ல.

எனக்கு கம்ப்யூட்டர் அவ்வளவா வராது. டீச்சர் வேலைக்கு இது பெரிய குறையா?

இல்ல. ஒரு ஃபைல எங்க சேவ் பண்ணோம்னு தெரியணும், கேபிள் மாட்டத் தெரியணும், எரர் வந்தா பயப்படாம அத முழுசா படிச்சுப் பாக்கத் தெரியணும், ஆரம்பிக்க இவ்வளவு போதும். நான் பாத்தவரைக்கும் கம்ப்யூட்டர்ல பயங்கர கெட்டியா இருந்த ட்ரெயினீங்க கிளாஸ்ல சொதப்புனது ஒண்ணும் கம்மியில்ல, ஏன்னா அவங்க கண்ணு ஸ்க்ரீன் மேலயே இருக்கும், பசங்க மூஞ்சியப் பாக்கவே மாட்டாங்க.

எந்த ஆப்ப முதல்ல கத்துக்கணும்? லிஸ்ட் குடுங்க.

லிஸ்ட் தர மாட்டேன், கோச்சுக்காதீங்க. லிஸ்ட் குடுத்தா இருபது ஆப்ப இன்ஸ்டால் பண்ணி இருபதையும் அரைகுறையா தெரிஞ்சு வச்சுப்பீங்க. ரெண்டு போதும்: கண்ணால பாக்க முடியாதத காட்டுறதுக்கு ஒண்ணு, பசங்களுக்கு என்ன புரியலன்னு உங்களுக்குக் காட்டுறதுக்கு ஒண்ணு.

முதல் வகைக்கு சயின்ஸ்னா ஃபெட் (PhET) சிமுலேஷன், அதாவது கம்ப்யூட்டர்லயே ஓட்டிப் பாக்குற பரிசோதனை. கார்ல் வீமன்னு ஒரு இயற்பியலாளர், 2001ல நோபல் பரிசு வாங்குனவர், அடுத்த வருஷமே கொலராடோ பல்கலைக்கழகத்துல ஆரம்பிச்சது. இலவசம், நிறைய சிமுலேஷன டவுன்லோட் பண்ணி நெட் இல்லாமலும் ஓட்டலாம். மேத்ஸ்னா முக்கோணம், கோடு எல்லாம் வரைஞ்சு இழுத்துப் பாக்குற ஜியோஜீப்ரா, அதுவும் 2001ல மார்கஸ் ஹோஹன்வார்ட்டர்ங்கிறவர் சால்ஸ்பர்க்ல படிக்கும்போது ஆரம்பிச்சது. மொழி, வரலாறு எடுக்குறவங்களுக்கு ஒரு நல்ல ஆடியோ ரெக்கார்டரும் பழைய படம், பழைய மேப் தேடுற திறமையும் இருந்தாலே பாதி வேலை முடிஞ்சது.

ரெண்டாவது வகைக்கு என்ன வேணும்னு கீழ குவிஸ் கேள்வில சொல்றேன்.

பாடம் ப்ளான் பண்ணும்போது டெக்னாலஜிய எங்க நுழைக்கிறது?

"நுழைக்கிறது"ன்னு கேக்குறீங்க பாருங்க, அங்கயே தப்பு ஆரம்பிச்சிடுது. முதல்ல பாடத்துல பசங்க எங்க தடுக்கி விழுவாங்கன்னு யோசிங்க. அந்த இடத்துல மட்டும் கருவி தேவையான்னு பாருங்க.

மின்சுற்று பாடத்த எடுத்துக்கோங்க. ஒரு பேட்டரி, ஒரு பல்பு. பல்புக்கு முன்னாடி இருக்குற கம்பில கரண்ட் எவ்வளவு, பல்பத் தாண்டி வந்த கம்பில எவ்வளவுன்னு கேட்டா பாதி கிளாஸுக்கு மேல தாண்டி வந்ததுல கம்மின்னுதான் சொல்லும். பல்பு கரண்ட்ட தின்னுடுச்சாம். புத்தகத்துல சரியா எழுதியிருந்தாலும், நீங்க பத்து தடவ சொன்னாலும் இந்த நெனப்பு போகாது. இங்கதான் எனக்கு சிமுலேஷன் வேணும்.

ஆனா நேரா போய் ஓட்டிக் காட்டிடக் கூடாது. முதல்ல நெஜ பேட்டரி, நெஜ பல்பு, எரிய வச்சுக் காட்டுவேன். அப்புறம் நோட்டுல எழுதச் சொல்வேன், ரெண்டு பக்கமும் எவ்வளவு இருக்கும், ஏன். எழுதி முடிச்சப்புறம்தான் ஸ்க்ரீன் ஆன் ஆகும். சிமுலேஷன்ல அம்மீட்டர பல்புக்கு இந்தப் பக்கம் வைக்கிறோம், அந்தப் பக்கம் வைக்கிறோம், ரெண்டுலயும் ஒரே நம்பர். ஒரு நிமிஷம் கிளாஸே சும்மா இருக்கும். அப்புறம் ஒருத்தன் "மீட்டர் ரிப்பேர் சார்"ம்பான். ரொம்ப நல்ல பதில் அது, ஏன்னா அவன் தன் நெனப்ப விட்டுக்குடுக்காம சண்டை போடுறான்னு அர்த்தம். அப்ப ரெண்டாவது பல்ப மாட்டச் சொல்லுங்க, திரும்ப யூகிக்கச் சொல்லுங்க. எலக்ட்ரான் நகர்றத சிமுலேஷன் காட்டுது, நெஜ கம்பில அத காட்ட வழியே இல்ல, அதுக்குத்தான் இந்த ஏற்பாடு முழுக்க. பல்பு எரியுதா இல்லையான்னு காட்ட மட்டும் சிமுலேஷன் போட்டா அது வேஸ்ட், நெஜ பல்பே நல்லா எரியும்.

யூகிக்க விடு, பாக்க விடு, விளக்க விடு. ஸ்க்ரீன் நடுவுல மட்டும் வருது.

டிபேக் (TPACK), சாமர் (SAMR) எல்லாம் தியரி பேப்பர்ல இருக்கே, கிளாஸ்ல உதவுமா?

டிபேக் உதவும். லீ ஷுல்மன் 1986ல சொன்னது என்னன்னா, பாடம் தெரியறது வேற, கத்துக்குடுக்கத் தெரியறது வேற, இந்தப் பாடத்த இந்தப் பசங்களுக்கு எப்படி கத்துக்குடுக்கணும்னு தெரியறது மூணாவது ஒரு அறிவு. அது மேல டெக்னாலஜிய வச்சு 2006ல மிஸ்ராவும் கோலரும் கட்டுனதுதான் டிபேக். மேல சொன்ன பல்பு கதைதான் அது, பேரு மட்டும் பெருசு.

சாமர் ரூபன் புவெண்டெடூரா சொன்ன நாலு படி: பழசுக்கு பதிலா புதுச வைக்கிறது, கொஞ்சம் மேம்படுத்துறது, வேலையவே மாத்தி அமைக்கிறது, முன்னாடி முடியாதத செய்றது. பரீட்சைக்கு எழுதுங்க. ஆனா அத ஏணியா நெனச்சு ஒவ்வொரு கிளாஸ்லயும் மேல் படிக்குப் போயாகணும்னு அலையாதீங்க. சில நாள் கரும்பலகைக்கு பதிலா ஸ்க்ரீன், அவ்வளவுதான், அதுல ஒண்ணும் கேவலம் இல்ல.

நல்ல ஸ்லைடு எப்படி போடுறது?

கம்மியா போடுறதுதான். ஸ்லைடுல இருக்குறத அப்படியே வாயால படிக்காதீங்க. ரிச்சர்ட் மேயர்ங்கிற உளவியலாளர் வருஷக்கணக்கா சோதனை பண்ணிப் பாத்தாரு, படத்தோட சேத்து பேச்சும் அதே வாக்கியம் எழுத்துலயும் ஒரே நேரத்துல வந்தா, படமும் பேச்சும் மட்டும் வர்றத விட புரியறது குறையுது. பசங்க படிக்கவும் முடியாம கேக்கவும் முடியாம ரெண்டுங்கெட்டானா நிப்பாங்க. படத்த ஸ்லைடுல வைங்க, விளக்கத்த வாயில வைங்க. (புது மொழி கத்துக்குற பசங்களுக்கும் காது சரியா கேக்காத பசங்களுக்கும் எழுத்து வேணும், அது தனிக் கதை.)

இன்னொண்ணு, போன வருஷம் ஒரு ட்ரெயினீ வெள்ளை பின்னணில மஞ்சள் எழுத்து போட்டிருந்தாங்க, லேப்டாப்ல ஜம்முனு இருந்துச்சு. ப்ரொஜெக்டர்ல, ஜன்னல் வெளிச்சத்துல, கடைசி பெஞ்சுலேர்ந்து பாத்தா வெறும் வெள்ளைச் சுவரு. கிளாஸுக்கு முந்தின நாள் போட்டுப் பாத்து கடைசி பெஞ்சுல போய் உக்காந்து படிச்சுப் பாருங்க. இத விட பெரிய டிசைன் பாடம் எனக்குத் தெரியாது.

தமிழ்ல ஸ்லைடு போட்டா யூனிகோட்ல டைப் பண்ணுங்க. பழைய ஃபான்ட்ல அடிச்சத வேற கம்ப்யூட்டர்ல திறந்தா கட்டம் கட்டமா வரும், இல்லன்னா அர்த்தமே இல்லாத ஆங்கில எழுத்தா வரும். பயமா இருந்தா பிடிஎஃப்பா மாத்தி ஒரு காப்பி பென் டிரைவ்ல.

அப்புறம் ஸ்லைடு ஷோ ஓடும்போது கீபோர்டுல பி (B) அமுக்குங்க. பவர்பாயிண்ட்ல ஸ்க்ரீன் கறுப்பாயிடும், திரும்ப அமுக்குனா வந்துடும். பசங்க உங்களப் பாக்கணும்னு நெனைக்கிற நேரத்துக்கு இது. எனக்கு இந்த பட்டன் தெரிய வந்தது வேலைக்கு வந்து ஆறாவது வருஷம், அதுவரைக்கும் ப்ரொஜெக்டர் லென்ஸ கையால மறைச்சுக்கிட்டு நிப்பேன்.

குவிஸ் ஆப் போட்டா பசங்க கத்துறாங்க, குதிக்கிறாங்க. கத்துக்குறாங்களா?

நல்ல கேள்வி. கேள்வி கேட்டு ஞாபகத்துலேர்ந்து எடுக்க வைக்கிறது நெஜமாவே வேலை செய்யுது. 2006ல ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு பேர் ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு பாடத்த திரும்பத் திரும்ப படிச்சவங்க ஒரு பக்கம், ஒரு தடவ படிச்சுட்டு பாக்காம நெனவுபடுத்தி எழுதுனவங்க இன்னொரு பக்கம். அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா திரும்பப் படிச்சவங்க ஜெயிச்சாங்க. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா எழுதிப் பாத்தவங்கதான் நிறைய ஞாபகம் வச்சிருந்தாங்க.

ஆனா கஹூட் மாதிரி ஆப்ல சீக்கிரம் அமுக்குனா பாயிண்ட் அதிகம். யோசிக்கிற பிள்ளை அதுல தோத்துப் போகும். மேரி பட் ரோங்கிற ஆராய்ச்சியாளர் 1970கள்லயே கவனிச்சது, டீச்சர்ங்க கேள்வி கேட்டுட்டு பதிலுக்குக் காத்திருக்கிறது சராசரியா ஒரு செகண்டுதான். அத மூணு செகண்ட் ஆக்குனா பதில் நீளமாகுது, வாயே திறக்காத பசங்க பேசுறாங்க. நாம ஏற்கனவே அவசரக்காரங்க, ஆப் வேற சேந்து விரட்டுனா எப்படி? டைமர நீட்டி வைங்க, முடிஞ்சா பாயிண்ட்ட எடுத்துடுங்க.

எனக்கு பிடிச்ச முறை எரிக் மசூரோடது. ஹார்வர்டுல இயற்பியல் எடுக்குறவர், 1991லேர்ந்து இப்படிப் பண்றாரு: கேள்வி போடு, தனியா யோசிச்சு ஓட்டு போடச் சொல்லு, விடைய சொல்லாத, பக்கத்துல இருக்குறவங்கள ஒத்துக்க வைன்னு விடு, திரும்ப ஓட்டு. சரியா சொன்னவங்க ரொம்பக் கம்மின்னா நீங்க திரும்ப நடத்தணும், எல்லாருமே சரின்னா நேரத்த வீணாக்காம தாண்டிப் போங்க, நடுவுல இருந்தா பேச விடுங்க. ஓட்டு எண்ணிக்கை பாத்துட்டு நீங்க அடுத்த அஞ்சு நிமிஷத்த மாத்தலன்னா அந்த குவிஸ் வெறும் வேடிக்கைதான். நிறைய பேர் சறுக்குறது இங்கதான், ரிசல்ட் ஸ்க்ரீன்ல வந்து நிக்கும், இவங்க "வெரிகுட், அடுத்த கேள்வி"ன்னு போயிடுவாங்க.

பசங்ககிட்ட ஃபோனும் இல்ல, டேப்லெட்டும் இல்ல. அப்ப?

உங்க ஃபோன் ஒண்ணு போதும். ப்ளிக்கர்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஆளுக்கு ஒரு காகித அட்டை, அதுல கறுப்பு கட்டம் மாதிரி ஒரு உருவம், எந்தப் பக்கத்த மேல பிடிக்கிறாங்களோ அதுதான் விடை. நீங்க ஃபோன் கேமராவ கிளாஸ் மேல ஒரு சுத்து சுத்துனா யார் என்ன சொன்னாங்கன்னு வந்துடும். பக்கத்துல இருக்குறவன் அட்டையப் பாத்து காப்பி அடிக்கிறது கஷ்டம், ஆளுக்கு ஆள் உருவம் வேற. அட்டைய பிரிண்ட் எடுத்து கெட்டியான தாள்ல ஒட்டுங்க, வழவழன்னு லேமினேட் பண்ணா லைட் பட்டு கேமரா தடுமாறும்.

அதுவும் வேணாமா? விடை ஒண்ணா, ரெண்டா, மூணா, நாலான்னு அத்தன விரல நெஞ்சுக்கு நேரா காட்டச் சொல்லுங்க.

கிளாஸ் நடுவுல ப்ரொஜெக்டர் செத்துட்டா?

சாகும். கண்டிப்பா சாகும், அதுவும் மேற்பார்வைக்கு ஆள் வர்ற அன்னிக்கு. என்னோட முதல் அப்சர்வேஷன் கிளாஸ்ல "நோ சிக்னல்"னு நீல ஸ்க்ரீன். நான் கேபிள புடுங்கி மாட்டி புடுங்கி மாட்டி பன்னெண்டு நிமிஷம், பின்னாடி உக்காந்திருந்தவர் நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தாரு. விஷயம் இவ்வளவுதான், லேப்டாப் படத்த வெளிய அனுப்பவே இல்ல. விண்டோஸ் பட்டனையும் பி-யையும் (இது P) சேத்து அமுக்கி டூப்ளிகேட்னு குடுத்திருந்தா ரெண்டு செகண்ட் வேலை. ப்ரொஜெக்டர்ல சோர்ஸ் சரியா இருக்கான்னும் பாக்கணும், ஹெச்டிஎம்ஐ ஒண்ணுல மாட்டிட்டு அது ரெண்டத் தேடிக்கிட்டு இருக்கும்.

இப்ப என் விதி ரெண்டு நிமிஷம். அதுக்குள்ள வரலன்னா அணைச்சுட்டு சாக்பீஸ எடுத்துடுவேன். அதனால ப்ளான் எழுதும்போதே ஓரத்துல "இது ஓடலன்னா"ன்னு ஒரு வரி எழுதி வைங்க.

பசங்க என்ன விட டெக்னாலஜில கெட்டி. மானம் போயிடாதா?

"டிஜிட்டல் நேட்டிவ்"ன்னு 2001ல மார்க் ப்ரென்ஸ்கி ஒரு பேர் வச்சாரு, அதுலேர்ந்து எல்லாருக்கும் இந்த பயம். வீடியோ தள்ளத் தெரியறதும், தேடி வந்த பத்து லிங்க்ல எத நம்பலாம்னு தெரியறதும் ஒண்ணு கிடையாது. ஃபைல் ஃபோல்டர்னா என்னன்னு தெரியாத பசங்க நிறைய, அவங்க ஃபோன்லயே வளந்தவங்க. வேகமா விரல் ஓட்டத் தெரிஞ்ச ரெண்டு பேர உதவிக்கு வச்சுக்கோங்க, கேபிள் மாட்டுற வேலை அவங்களுது. மானம்லாம் போகாது.

வீடியோ போட்டா பாதிப் பாடம் முடிஞ்சுதுல்ல?

உங்களுக்கு முடிஞ்சது. 1913லயே எடிசன் சொல்லிட்டாரு, சினிமா வந்தாச்சு, பள்ளிக்கூடத்துல புத்தகத்துக்கு சீக்கிரம் வேலை இருக்காதுன்னு. நூறு வருஷம் தாண்டியாச்சு, புத்தகம் இன்னும் பையிலதான் இருக்கு. வீடியோ போடுறதா இருந்தா மூணு நாலு நிமிஷத் துண்டு, போடுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி, நடுவுல ஒரு இடத்துல நிறுத்தி "அடுத்து என்ன ஆகும்?". ஆட்டோப்ளேய அணைச்சுடுங்க, முடிஞ்சதும் அடுத்து என்ன குதிக்கும்னு சொல்ல முடியாது.

ஏஐ-ய வச்சு பாடத்திட்டம் எழுதலாமா? பசங்க ஏஐ-ல எழுதிட்டு வந்தா?

முதல் பாதிக்கு: பாடத்திட்டத்த முழுசா எழுத விடாதீங்க, குறைஞ்சது படிக்கிற காலத்துலயாவது. திட்டம் எழுதும்போதுதான் "பசங்க எங்க தடுக்குவாங்க"ன்னு உங்க மூளை யோசிக்குது, அந்த வேலைய வெளிய குடுத்துட்டா உங்களுக்கு அது வளராது. நான் அத வேற எதுக்கு வச்சுக்குறேன்னா, தப்பான விடை எழுதறதுக்கு. ஒரு கேள்வியக் குடுத்து பிள்ளைங்க பண்ற மாதிரி தப்பு விடை எட்டு குடுன்னு கேப்பேன். நாலு அபத்தமா இருக்கும், ரெண்டு எனக்கே தெரிஞ்சது, ரெண்டு "அட, ஆமால்ல"ன்னு இருக்கும். அந்த ரெண்டுக்காகத்தான். வருஷம், பேரு, கணக்கு எது குடுத்தாலும் நீங்க சரிபாக்காம போர்டுல எழுதாதீங்க, இல்லாத ஒண்ண இருக்குற மாதிரியே சொல்லும், குரல்ல துளி தயக்கம் இருக்காது. பசங்க பேரு, மார்க்கு, வீட்டு விஷயம் எதையும் அதுல டைப் பண்ணக் கூடாது.

ரெண்டாவது பாதி. கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர நம்பி யாரையும் குத்தம் சொல்லாதீங்க. சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பர். அத பண்ண ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரில ஒரு கண்டுபிடிப்பான் விட்டுச்சு, சரியா கண்டுபிடிக்கலன்னு ஜூலைலயே எடுத்துடுச்சு. செஞ்சவங்களுக்கே முடியல. இங்கிலீஷ் தாய்மொழியா இல்லாதவங்க சொந்தமா எழுதுனதையே இந்த மாதிரி சாஃப்ட்வேர்ங்க ஏஐன்னு சொல்றது அதிகம்னும் அதே வருஷம் ஸ்டான்ஃபோர்டுல காட்டுனாங்க. ஒரு பிள்ளைய நீ ஏமாத்திட்டன்னு சொல்லிட்டு அப்புறம் இல்லன்னு தெரிஞ்சா அந்த நம்பிக்கை திரும்ப வராது. அதுக்கு பதிலா கிளாஸ்லயே பாதி எழுத வைங்க, மீதிய வீட்ல. எழுதிட்டு வந்தப்புறம் "இந்த ரெண்டாவது பத்திய உன் வாயால சொல்லு"ன்னு கேளுங்க, ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

சரியா பாக்க முடியாத, கேக்க முடியாத பசங்க இருந்தா?

டெக்னாலஜி தன் சம்பளத்துக்கு வேலை செய்ற இடம்னா எனக்கு இதான். என்விடிஏன்னு (NVDA) ஒரு ஸ்க்ரீன் ரீடர், ஸ்க்ரீன்ல இருக்குறத சத்தமா படிச்சுக் காட்டுறது, கண் தெரியாத ரெண்டு ஆஸ்திரேலியக்காரங்க 2006ல ஆரம்பிச்சது, இலவசம். ஒரு நாள் உங்க லேப்டாப்ல அத போட்டு, மானிட்டர அணைச்சுட்டு, நீங்க போட்ட வொர்க்‌ஷீட்ட கேட்டுப் பாருங்க. "இமேஜ், இமேஜ், இமேஜ்"னு வருதா? படத்துக்கு விளக்க வரி எழுதலன்னு அர்த்தம். ஸ்கேன் பண்ண தாள்னா பெரும்பாலும் ஒண்ணுமே வராது. வீடியோவுக்கு சப்டைட்டில் இருந்தா ஆன் பண்ணுங்க. சரி பச்சை, தப்பு சிவப்புன்னு நிறத்த மட்டும் நம்பாம டிக், பெருக்கல் குறியும் போடுங்க, அந்த ரெண்டு நிறமும் ஒண்ணா தெரியற பையன் கிளாஸ்ல இருக்கலாம், அவனே அத சொல்லாம இருக்கலாம்.

"விஷுவல் லேர்னர்", "ஆடிட்டரி லேர்னர்"னு பிரிச்சு டெக்னாலஜி குடுக்கணுமாமே?

வேணாம். 2008ல பாஷ்லரும் கூட்டாளிங்களும் அலசிப் பாத்து, அப்படிப் பிரிச்சுக் குடுத்தா நல்லா கத்துக்குறாங்கங்கிறதுக்கு தகுந்த ஆதாரம் இல்லன்னு எழுதிட்டாங்க. மேப்ப எல்லாரும் கண்ணாலதான் பாக்கணும், பாட்ட எல்லாரும் காதாலதான் கேக்கணும்.

ஸ்க்ரீன்ல என் லேப்டாப்ப காட்டும்போது கவனிக்க வேண்டியது?

நோட்டிஃபிகேஷன் எல்லாத்தையும் அணைங்க. வீட்லேர்ந்து வந்த ஒரு மெசேஜ் நாப்பது பிள்ளைங்க முன்னாடி என் ஸ்க்ரீன் ஓரத்துல எட்டிப் பாத்துச்சு, என்ன மெசேஜுன்னு கேக்காதீங்க, அந்த வருஷம் முழுக்க எனக்கு அதான் பட்டப்பேரு. கிளாஸுக்குன்னு தனி யூசர் அக்கவுண்ட் வச்சுக்கோங்க. பசங்க போட்டோவ உங்க சொந்த பேஜ்ல போடாதீங்க, பள்ளிக்கூடமும் பெத்தவங்களும் எழுத்துல ஒத்துக்கலன்னா எங்கயுமே போடாதீங்க.

மேற்பார்வை கிளாஸ்ல டெக்னாலஜி காமிச்சாதான் மார்க்கா?

சில பேர் அப்படிப் பாப்பாங்க, பொய் சொல்ல மாட்டேன். ஆனா பின்னாடி உக்காந்திருக்கிறவங்க கடைசில கேக்குறது பெரும்பாலும் "இத ஏன் இங்க வச்சீங்க?"ன்னுதான். போன தடவ வந்த ட்ரெயினீ ஜியோஜீப்ராவுல ஒரு முக்கோணத்த இழுத்துக் காட்டுனாங்க, மூணு கோணமும் சேந்து 180 வரணும். ஒரு பொண்ணு கை தூக்கி "டீச்சர், 61, 61, 59, கூட்டுனா 181 வருது"ன்னா. ட்ரெயினீ மூஞ்சி வெளுத்துப் போச்சு, என்னப் பாத்தாங்க, நான் ஜன்னலப் பாத்தேன். அப்புறம் அவங்களே செட்டிங்ஸ்ல போய் தசமத்த ஒரு இடம் கூட்டுனாங்க: 60.6, 60.7, 58.7. மூணையும் முழு எண்ணா ரவுண்ட் பண்ணும்போது ஒரு டிகிரி கூடியிருக்கு. மீதி இருந்த பதினஞ்சு நிமிஷமும் ப்ளான்ல இருந்த ஒர்க்‌ஷீட்ட மூடி வச்சுட்டு, 179 வர்ற முக்கோணம் ஒண்ணு கண்டுபிடிங்கன்னு விட்டுட்டாங்க. மேற்பார்வைக்கு வந்தவரும் பேப்பர எடுத்துத் தேட ஆரம்பிச்சாரு.